ஒன்றும் போடாத எண்ணெய்

செட்டிபாளையம்,
மாசி, 1993.

அன்புள்ள மச்சான்,

நாங்கள் இருக்கிறோம். இதை வாசிக்கிற நேரத்தில் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். வேறு எந்தச் செய்தியோடு தொடங்கினாலும், கடிதம் உங்கள் கைக்கு வந்து சேருகிற நாளில் அது பழையதாகிவிடும்.

உங்கள் இரண்டாவது கசற் கிடைத்தது. மார்கிறட் டீச்சர் கொழும்பில் இருந்து வரும்போது சீலைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தார். சோதனைச் சாவடியில் அதை வாங்கிப் போட்டுக் கேட்டார்களாம். நீங்கள் வாவியைப் பற்றியும் பனியைப் பற்றியும் பேசிக்கொண்டே போக, அங்கே நின்ற ஒரு சின்ன வயதுச் சிப்பாய் பாட்டு ஒன்றும் இல்லையா என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். உங்கள் குரலை என்னிலும் பார்க்க முந்தி அவன் கேட்டுவிட்டான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

பள்ளிக்கூடத்து றேடியோவில் போட்டுக் கேட்டேன். பிள்ளைகள் போனபிறகு, ஆசிரியர் அறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. நீங்கள் இருக்கும் சுவிஸ் ஊரிலும் ஒரு ஏரி உண்டு, நம்முடைய வாவியைப் போலவே நீளமானது, அக்கரை கண்ணுக்கு எட்டும், விடிய எழும்பினால் பனிப் புகார் மூடிக் கிடக்கும் என்றீர்கள். தோணி இல்லை, அன்னங்கள் இருக்கின்றன என்றீர்கள். அதைக் கேட்ட நாளில் இருந்து எனக்கு இரண்டு நீரும் ஒன்றாகிவிட்டன. வாவிக் கரையில் நின்று எதிரே படுவான்கரையைப் பார்க்கும்போது, அந்தப் புகாருக்குப் பின்னால் கொக்கட்டிச்சோலையா, உங்கள் ஊரா என்று ஒரு கணம் தெரியாமல் போகிறது.

நீங்கள் சொன்ன கதவுகளும் என்னை விடவில்லை. பழைய வீடுகளின் கதவுகள் வேலை செய்கிற கம்பெனிக்கு வருகின்றன, தலைமுறை தலைமுறையாய்ப் பூசிய சாயத்தைக் கழற்றினால் அடியில் மரம் பிறந்த மேனியாக வெளியே வருகிறது என்றீர்களே, அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டேன். நீங்கள் ஒரு ஜன்னல் ஓரத்தில் கதிரை போட்டு இருந்து, சின்ன உளியால் சுரண்டுவதாக நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் கனவும் கண்டேன். துறையில் நான் அக்கரைக்குப் போகிற மிதவைப் பாதைக்காகக் காத்து நிற்கிறேன். பாதைக்குப் பதிலாகக் கதவுகள் மிதந்து வருகின்றன, பச்சை, நீலம், மஞ்சள். ஒவ்வொன்றும் கரையைத் தொட்டதும் நிறம் இழந்து வெறும் மரமாகிறது. நீங்கள் எந்தக் கதவில் வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

சரி, உங்களோடு ஒரு சண்டையும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் அனுப்பச் சொல்லிப் போன முறை கேட்டீர்கள். உங்கள் தலையில் எண்ணெய் வைக்க இடம் தாராளமாக உண்டு, பிடித்து நிற்கத்தான் மயிர் இல்லை என்று மகளோடு சொல்லிச் சிரித்தேன். ஆனாலும் குளிர் நாடு, தலையில் நீர் இறங்கக்கூடாது என்று கரிசலாங்கண்ணியும் செவ்வரத்தம் பூவும் போட்டு, மிளகும் அள்ளிப் போட்டு, பதமாகக் காய்ச்சி, மார்கிறட் டீச்சரின் மகள் கலியாணம் கட்டி அங்கே வந்தபோது அவள் கையில் கொடுத்துவிட்டேன். இந்தக் கசற்றில் நீங்கள், "நல்ல வாசம், ஆனால் அடுத்த முறை ஒன்றும் போடாமல் பச்சை எண்ணெயாக அனுப்பு" என்று சொல்லி இருக்கிறீர்கள். அவ்வளவுதானா என் கைப்பக்குவத்துக்கு மரியாதை? வெள்ளைக்காரர்களுக்கு நம் எண்ணெய் வாசம் பிடிக்கவில்லை போல. அனுப்புகிறேன். கோபத்தோடுதான் அனுப்புவேன்.

இன்னொன்று. முன்பு போல எழுதாமல் கசற்றில் பேசுகிறீர்கள். எழுத நேரம் இல்லை என்றீர்கள். பேசுவது நல்லதுதான், குரல் கேட்கிறது. ஆனால் நடுநடுவே ஒரு 'டிக்' சத்தத்தோடு குரல் அறுந்து, பிறகு வேறு விதமாகத் தொடங்குகிறது. யாரோ அறைக்குள் வருகிறார்களா? சங்கக் கடைப் பெயர்ப்பலகையில் நீங்கள் எழுதிய எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது. மற்ற எல்லாவற்றிலும் ஓட்டை விழுந்தாலும் அதில் ஒன்றும் படவில்லை. அந்த எழுத்தைத்தான் நான் கடிதங்களில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர்ப் புதினம் ஒன்று. வாவிக் கரையில் கனகசிங்கத்தின் சுண்ணாம்புச் சூளையை மறுபடி மூட்டி இருக்கிறார்கள். சீமெந்து கொண்டுவர விடுவதில்லை, எனவே இடிந்த வீடுகளுக்கு எல்லாம் சுண்ணாம்புதான். வாவியில் சிப்பி அள்ளி, விறகோடு அடுக்கிச் சுட்டு, பிறகு தண்ணீர் தெளித்துப் பொடியாக நீற்றுகிறார்கள். வாடைக் காற்றுக்குத் தூள் எல்லாம் வாவிப் பக்கமாகவே பறக்கிறது. காலையில் தண்ணீர் மேலே வெள்ளையாக ஒரு படலம் கிடக்கும், அதைக் கிழித்துக்கொண்டு தோணி வரும். நீங்கள் பனிக்குள் நின்று அனுப்பிய படத்தைப் போலவே இருக்கும்.

உங்களைத் தேடி வருகிற பழைய சிநேகிதர்கள் போன மாதமும் நடுச்சாமத்தில் வந்து நலம் விசாரித்தார்கள். வெளிநாட்டில் சுகமாக இருக்கிறார் என்று சொன்னேன். மகள் வந்தாறுமூலையில் கம்பஸ் விடுதியில் நிற்கிறாள், படிக்கிறாள்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள். சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

என்றும் உங்கள்
புஸ்பம்


செட்டிபாளையம்,
பங்குனி, 1993.

அன்புள்ள மச்சான்,

போன கடிதம் கிடைத்ததோ தெரியாது. அதற்குள் இதையும் எழுதுகிறேன். மனதில் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை.

படுவான்கரையில் இருந்து சனம் வந்து நம் பள்ளிக்கூடத்தில் தங்கி இருக்கிறார்கள், அதுதான் இப்போது முகாம். ஏன் வந்தார்கள் என்று எழுதத் தேவையில்லை, உங்களுக்கு விளங்கும். பாதையில் ஏறி, பானை சட்டியோடு, ஒரு ஆட்டையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். மேல் வகுப்புகளை மரத்தின் கீழே நடத்துகிறோம். கரும்பலகையை மரத்தில் சாய்த்து வைத்து நான் அமிலம், காரம் படிப்பிக்க, பக்கத்தில் சோறு வேகிற வாசம் வரும்.

வந்தவர்களுக்கு வயலும் இல்லை, வலையும் இல்லை. சூளைக்குப் போனார்கள். கனகசிங்கத்துக்கு அது வாய்த்துவிட்டது. ஊரார் மாட்டேன் என்று நிற்கிற வேலையையும் அவர்கள் செய்வார்கள், கொடுத்ததை வாங்குவார்கள். நீற்றும் கொட்டிலுக்குள் இப்போது நிற்பது முழுக்க முகாம் சனம்தான். சுட்ட சிப்பியில் தண்ணீர் பட்டதும் அது கொதித்து வெடிக்கும், ஆவி அடிக்கும், தூள் கண்ணிலும் மூக்கிலும் ஏறும். துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டு அவர்கள் வெளியே வரும்போது ஆணா பெண்ணா என்று தெரியாது. எல்லாரும் வெள்ளை. சத்தம் இல்லாமல் வரிசையாக வாவிக்கு நடந்து போய், இறங்கி, திரும்பி வரும்போது மனிதராக வருவார்கள்.

நம் அயல் வீட்டு நல்லரத்தினம் அண்ணனை நினைவிருக்கும். இத்தனை வருசமாக அந்தக் கொட்டிலே கதி என்று கிடந்தவர், இருமினால் நம் வீட்டு நாய் எழும்பும். முகாம் சனம் வந்தபிறகு கனகசிங்கம் அவரை வெளியே எடுத்து, வேப்ப மரத்தின் கீழே கதிரை போட்டு, தோணியில் ஏறுகிற மூடைகளைப் பார்க்க விட்டிருக்கிறார். மனிதர் உடம்பு வைத்துவிட்டார். இருமல் இறங்கிவிட்டது. ஆனால் பழக்கம் போகவில்லை. கொட்டிலுக்குப் போகிற நாட்களைப் போலவே இப்போதும் காலையில் கையிலும் முகத்திலும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு வந்து கதிரையில் மினுங்கிக்கொண்டு இருக்கிறார். தோணிக்காரர் அவரைக் கலியாண மாப்பிள்ளை என்று பகிடி பண்ணுகிறார்கள்.

ஆனால் சீதேவிப்பிள்ளை அக்காவுக்கு அது நடக்கவில்லை. அவர் கொட்டில் வாசலில் சுண்ணாம்பைச் சல்லடையில் அரித்துக்கொண்டிருந்தவர். முகாமில் இருந்து கண்ணகை என்று ஒரு பெண் வந்தாள். நீற்றவும் செய்வாள், அரிக்கவும் செய்வாள், இரண்டுக்கும் ஒருத்தி போதும் என்று கனகசிங்கம் சீதேவிப்பிள்ளையை நிற்பாட்டிவிட்டார். எல்லாருக்கும் கதிரை போட அவரிடம் கதிரை இல்லையாம். இப்போது அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறார். என்னைக் கண்ட இடத்தில் நிறுத்தி, முகாமைப் பள்ளிக்கூடத்தில் வைத்ததே நான்தான் என்பது போலப் பேசினார். "ஊர் எங்கட, வாவி எங்கட, வேலை மட்டும் வந்ததுகளுக்கா டீச்சர்?" என்று கேட்டார். சங்கக் கடை முன்னால் சிலர் கூடி, முகாம் ஆட்களைச் சூளையில் சேர்க்கக்கூடாது என்று பேசினார்கள். நல்லரத்தினம் அண்ணன் அந்தக் கூட்டத்துக்குப் போகவே இல்லை. கேட்டதற்கு, "அவங்கள் வந்தாப் பிறகுதான் நான் மூச்சு விடுறன் புள்ள, நான் அங்க போய் என்னத்தப் பறையிற?" என்றார்.

ஒரே சனம் வந்து ஒரே கொட்டிலுக்குள் போனது. ஒருவருக்கு மூச்சு வந்தது, ஒருவருக்கு அடுப்பு அணைந்தது. இது நல்லதா கெட்டதா என்று வகுப்பில் யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன்?

இதை நினைத்துக்கொண்டு வாவிக் கரையால் வரும்போது உங்களுடைய முதல் கசற்றில் சொன்ன றூடி ஞாபகத்துக்கு வந்தார். அந்த ஊர்க்காரர். முன்பு கீழே தொட்டி அறையில் நின்றவர், நீங்கள் வந்தபின் மேல்மாடிக்குப் போய்க் கதவுகளுக்குப் புதுச் சாயம் பூசுகிறார், ஏறும்போதும் இறங்கும்போதும் உங்கள் முதுகில் தட்டுவார், இருமல் நின்றுவிட்டது என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார் என்றீர்கள். நல்ல மனிதர் என்றீர்கள். அப்போது எனக்கும் அவரைப் பிடித்திருந்தது.

மச்சான், றூடி மேலே போனபிறகு தொட்டி அறையில் நிற்பது யார்? அந்தத் தொட்டிக்குள் என்ன இருக்கிறது?

பதில் எழுதுங்கள். பேச வேண்டாம், எழுதுங்கள்.

உங்கள்
புஸ்பம்


செட்டிபாளையம்,
வைகாசி, 1993.

என் மச்சானுக்கு,

பதில் இன்னும் வரவில்லை. கொழும்பு றோட்டு பூட்டி இருந்தது, தபாலும் வரவில்லை. ஆனால் பதில் எனக்குக் கிடைத்துவிட்டது. வேறு ஒரு ஆளின் கையில் இருந்து கிடைத்தது.

மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. இப்போது சூளைத் தூள் வாவிக்குப் போவதில்லை, ஊருக்குள் வருகிறது. என் செவ்வரத்தைச் செடி வெள்ளையாகப் பூத்தது போல நிற்கிறது. கொடியில் போட்ட துணியை உதறினால் புகை எழும்பும். மதியத்தில் காற்றுச் சற்று நிற்கும்போது ஊரே பேச்சை நிறுத்திவிட்டுக் கனவு காண்பது போல இருக்கும்.

அப்படி ஒரு மதியத்தில்தான் கண்ணகை வந்தாள், படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். முகாமில் எண்ணெய் இல்லை, கொட்டிலுக்குள் போக முதல் பூசுவதற்கு உள்ளங்கையளவு, ஒள்ளம் எண்ணெய் தரச் சொல்லிக் கேட்டாள். நல்லரத்தினம் அண்ணன் மினுங்குகிறாரே, அதே எண்ணெய்தான். சுண்ணாம்பு தோலில் ஒட்டாமல் இருக்க அங்கே எல்லாரும் பூசுவார்கள். எனக்கு அப்போதும் ஒன்றும் தட்டவில்லை. வீட்டில் பச்சை எண்ணெய் இருந்தது, ஆனால் அது சமையலுக்கு. உங்களுக்குக் காய்ச்சியதில் மிச்சம் ஒரு போத்தலில் இருந்தது. அதுதான் விசேஷமானது என்று அதை எடுத்துக் கொடுத்தேன். நல்லதைத்தான் கொடுத்தேன் என்ற பெருமையும் எனக்கு இருந்தது.

அவள் உள்ளங்கையில் விட்டு, மற்றக் கையின் புறத்தில் பூசினாள். அவளுடைய கைகளை அன்றுதான் பார்த்தேன். கோடையில் வாவிக் கரைச் சேறு வெடித்துக் கிடக்குமே, அப்படி. வெடிப்புகளுக்கு உள்ளே சிவப்பு. எண்ணெய் பட்டதும் மூச்சை உள்ளே இழுத்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நிற்க, சிரித்துக்கொண்டு சொன்னாள்:

"நல்ல வாசம் டீச்சர். மறுகா ஒண்டும் போடாத பச்சை எண்ணெய் ஒள்ளம் கிடந்தாத் தாங்க."

மச்சான், அது உங்கள் வசனம். கசற்றில் நீங்கள் சொன்ன அதே வசனம், அதே ஒழுங்கில். முதலில் நல்ல வாசம். பிறகு, என் மனம் நோகாமல், பச்சை எண்ணெய்.

நான் அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். அவளுடைய கையை நான் கழுவ வேண்டிய நேரத்தில் அவள் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மிளகு போட்டுக் காய்ச்சிய எண்ணெய். அள்ளிப் போட்டேன் என்று எழுதினேனே. அதை உங்கள் கையில் பூசினீர்களா? பூசிவிட்டு யாருக்குச் சிரித்துக் காட்டினீர்கள்?

காரம் தொட்டால் வழுக்கும், சாயத்தைக் கழற்றும், தோலை அரிக்கும், அதன் ஆவி நெஞ்சுக்கு ஆகாது என்று வருசா வருசம் பிள்ளைகளுக்கு எழுதிப் போடுகிறவள் நான். கதவுகளின் சாயம் உளியால் கழலவில்லை. தொட்டியில் கழல்கிறது. தொட்டி அறையில் நிற்பது நீங்கள். பேனை பிடிக்க முடியாத கை கசற்றில் பேசுகிறது. இருமல் வருகிற இடத்தில் நீங்கள் 'டிக்' என்று நிறுத்திவிட்டு, அது போனபிறகு மறுபடி பொத்தானை அமத்துகிறீர்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தக் கசற்றை மறுபடி போட்டேன். உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. அந்தச் சத்தங்களை மட்டும் கேட்டேன். ஏரியைப் பற்றிச் சொல்லும்போது குறைவு. கதவுகளைப் பற்றிச் சொல்லும்போது அடிக்கடி.

கோபம் வந்தது. உங்களோடு அல்ல. றூடியோடு வந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. றூடிதான் இங்கே வேப்ப மரத்தின் கீழே எண்ணெய் மினுங்க இருக்கிறாரே. அவரை எனக்குச் சின்ன வயதில் இருந்தே தெரியும். அவர் கெட்டவர் அல்ல. அங்கேயும் ஒரு சீதேவிப்பிள்ளை எங்கோ குளிர்ந்த தண்ணீரில் நின்று உங்களைத் திட்டிக்கொண்டிருப்பாள். அவளும் கெட்டவள் அல்ல.

நான் சூளைக்குப் போனேன். நீங்கள் இங்கே இருந்தால் என்னைப் போக விட்டிருக்க மாட்டீர்கள். கனகசிங்கத்திடம் சொன்னேன், நம் கண்ணகி அம்மன் கோயில் சடங்கில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கு முறை இருக்கிறதே, யாரும் எல்லா நாளும் சுமப்பதில்லை, யாரும் சும்மா இருப்பதும் இல்லை. அதே போல நீற்றும் கொட்டிலுக்கும் முறை வையுங்கள், முகாம் ஆட்கள் ஒரு நாள், ஊர் ஆட்கள் ஒரு நாள். சீதேவிப்பிள்ளை அக்காவுக்கும் ஒரு நாள் கொடுங்கள், கண்ணகையும் ஒரு நாள் வெளியே மரத்தின் கீழே இருக்கட்டும் என்று. அவர் என் மாமன் மகன், எனவே வாய்க்குப் பூட்டு இல்லை. "உன்ட மனிசன் அங்கால கதவுக்குப் பொட்டு வைக்கிறான், நீ இஞ்ச சூளைக்கு நீதவான் வேலை பாக்கிறியா மச்சாள்?" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். தோணிக்காரர் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், வேறு நாளாக இருந்தால்.

சிரிக்காமல் இருந்தவர் நல்லரத்தினம் அண்ணன் மட்டும். நான் திரும்பும்போது என்னைக் கூப்பிட்டார். இந்தக் கதிரையில் இருந்த பிறகுதான் தான் படுத்து உறங்குவதாகவும், முன்பு சுவரில் சாய்ந்து இருந்தே விடியும் என்றும் சொன்னார். பிறகு என்னை நேராகப் பார்த்து, "என்ட மூச்சைத் திருப்பித் தரச் சொல்லிக் கேக்கிறியா புள்ள?" என்று கேட்டார். அவருடைய பழைய இடத்தில் அங்கே ஒரு ஊரில் என் மனிசன் நிற்கிறார் என்று மட்டும் சொன்னேன். உங்களுக்குத்தான் தெரியுமே, அவர் யோசிக்கும்போது மீசையைக் கீழே இழுப்பார். இழுத்துக்கொண்டே இருந்தார்.

போன திங்கள் திருக்குளிர்த்தி. இந்த முறை சனம் குறைவு. ஆனால் படுவான்கரைச் சனமும் வந்திருந்தார்கள். விடியும் நேரம் அம்மாளைக் குளிர்விக்கிற பாட்டுப் பாடி, வேப்பிலையால் தண்ணீர் தெளித்தார்கள். எரிந்து வந்தவளை ஆற்றுகிற சடங்கு என்று சின்ன வயதில் இருந்து தெரியும். ஆனால் எரிவு என்றால் என்ன என்று யோசித்ததில்லை. எல்லாரும் தலையைக் குனிந்து தண்ணீரை வாங்கினார்கள். எனக்கு முன்னால் கண்ணகை நின்றாள். அவள் தலையைக் குனியவில்லை. இரண்டு கையையும் விரித்து நீட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் கையில் விழ விழக் கண்ணை மூடிக்கொண்டாள். வாவிப் பக்கம் வெளிக்கத் தொடங்கியது. பாட்டு, புகை, சுண்ணாம்புத் தூள், புகார், எல்லாம் ஒன்றாக மிதந்தது. நான் உங்களுக்காகக் கையை நீட்டினேன். எத்தனை துளி என் கையில் விழுந்து உங்கள் ஊரில் காய்ந்ததோ தெரியாது.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் சூளையடியில் சனம் கூடி நின்றது. யாருக்கோ என்னவோ என்று ஓடினேன். வேப்ப மரத்தின் கீழே கதிரை வெறுமையாக இருந்தது. நல்லரத்தினம் அண்ணன் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு கொட்டிலுக்குள் போய்க்கொண்டிருந்தார். கனகசிங்கம் பின்னாலேயே போய், யாருக்கு விசர், உனக்கா டீச்சருக்கா என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்க்காமல், "இண்டைக்கு என்ட முறை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கண்ணகை வெளியே நின்றாள், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். யாரோ அவளை இழுத்துக் கதிரையில் இருத்தினார்கள். நுனியில் இருந்தாள். சீதேவிப்பிள்ளை அக்கா இறால் கூடையோடு வந்து பார்த்துவிட்டு, தனக்கு எந்த நாள் என்று கனகசிங்கத்தைக் கேட்டார்.

இந்தச் சூளை அவிந்து முடியும்வரைதான் இப்படி, அடுத்த சூளைக்குப் பேச்சில்லை என்று கனகசிங்கம் சொல்லி இருக்கிறார். இருக்கட்டும். அன்று பின்னேரம் நல்லரத்தினம் அண்ணன் வீட்டில் இருமல் கேட்டது, நம் வீட்டு நாய் எழும்பியது. நான் செய்தது சரியா என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அவர் எழும்பினார், மச்சான். யாரும் அவரை எழுப்பவில்லை.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். வாருங்கள் என்று எழுத என்னால் முடியாது. பழைய சிநேகிதர்கள் நலம் விசாரிப்பதை இன்னும் நிறுத்தவில்லை. அந்த வேலையை விடுங்கள் என்று எழுதினால், விட்டபிறகு அங்கே உங்களை இருக்க விடுவார்களோ தெரியாது. இரண்டு கரையும் எனக்குத் தெரியவில்லை. நடுத் தண்ணீரில் நின்று ஒன்று மட்டும் கேட்கிறேன். மேல்மாடிக்கு ஏறிப் போய் றூடியிடம் உங்கள் கைகளைக் காட்டுங்கள். பாஷை தேவையில்லை. அவர் அந்தத் தொட்டி அறையில் நின்றவர், பார்த்ததும் அவருக்கு விளங்கும். உங்கள் சிரிப்பை மட்டும் முகத்தில் இருந்து எடுத்துவிட்டுக் காட்டுங்கள். சிரித்தால் அவருக்கு விளங்காது. எனக்கே விளங்கவில்லையே.

பச்சை எண்ணெய் அனுப்புகிறேன். மார்கிறட் டீச்சர் வருகிற மாதம் மகளிடம் வருகிறார், அவர் கையில் வரும். இதில் பூ இல்லை, மிளகு இல்லை. கோபமும் இல்லை. ஒன்றுமே போடவில்லை.

கசற் இனி வேண்டாம். ஒரு வரி எழுதி அனுப்புங்கள். கோணலாக இருக்கட்டும், பிள்ளை எழுத்தாக இருக்கட்டும். சங்கக் கடைப் பலகைக்குக் கீழே அதை வைத்துப் பார்ப்பேன். உங்களுக்கு என்ன நடந்தது என்று அந்த ஒரு வரி எனக்குச் சொல்லும். அடுத்தடுத்த கடிதங்களில் அது கொஞ்சம் கொஞ்சமாக நேராகி வருவதைப் பார்க்கத்தான் நான் இங்கே இருக்கிறேன்.

அம்மாள் உங்கள் கைகளைக் குளிரப் பண்ணட்டும்.

உங்கள்
புஸ்பம்